வலை, தூண்டில், நண்டுக் கூடு: வடசென்னைக் கடலில் சாப்பாட்டுக்கு மீன் பிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் புதிதாகத் தூண்டிலோ வலையோ கையில் எடுப்பவர்கள் ஒரே மாதிரிச் சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளையும், கடலில் கைகொடுக்கும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறோம். வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆகும் அளவுக்குப் பிடிப்பவர்களுக்கான பக்கம் இது. விசைப்படகுத் தொழில் தனி விஷயம்.

1. வீட்டுக் குழம்புக்கு மட்டும் பிடிச்சா போதும். வலையா, தூண்டிலா, கூடா, எதுல ஆரம்பிக்கிறது?

கைத்தூண்டிலில் ஆரம்பியுங்கள். செலவு குறைவு, கெட்டுப்போனாலும் இழப்பு சிறிது. அதைவிட முக்கியம், அடியில் மணலா சேறா கல்லா என்பதைத் தூண்டில் உங்கள் விரலுக்குச் சொல்லிவிடும். நுனியில் கட்டிய ஈயம் மணலில் விழுந்தால் மெத்தென்று உட்காரும். சேற்றில் புதைந்து, இழுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். கல்லில் தட்டித் தட்டிப் போகும். இந்த வித்தியாசம் கைக்குப் பழகும் முன் வலை வாங்கியவர்கள், முதல் மாதத்திலேயே வலையைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

அடுத்த படி நண்டுக் கூடு. வலை கடைசி. வலைக்குப் படகும் குறைந்தது இரண்டு பேரும் வேண்டும், கரைக்கு வந்த பிறகு பிரிக்கவும் பொத்தவும் நேரமும் வேண்டும்.

2. காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் எங்க உட்கார்ந்து தூண்டில் போடலாம்? வெளியாள் போட்டா ஏதாவது சொல்வாங்களா?

துறைமுகச் சுவருக்குள்ளும் கப்பல் வரும் வழியிலும் போடக் கூடாது. சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி என எல்லா இடத்திலும் பாதுகாப்பு எல்லை உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய கல் கரையும், கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளும்தான் கரையில் இருந்து தூண்டில் போடுபவர்களின் இடம். இங்கே மணல் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக நகரும். சென்னைத் துறைமுகத்தின் சுவர் அதை மறித்ததால் மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்துப் போனது. அதைத் தடுக்கக் கொட்டிய கல்தான் இப்போது நம் காலடியில் கிடக்கிறது.

வெளியாள் என்றால், எந்தக் குப்பத்தின் எல்லையில் நிற்கிறீர்களோ அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு தூண்டிலுக்கு யாரும் தடை சொல்வதில்லை. ஆனால் ஆற்றில் வலை விடுவதற்கு ஊர் ஒழுங்கு உண்டு. வடக்கே பழவேற்காட்டு ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைப் ‘பாடு’ முறையில் வரிசை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். அந்த வரிசைக்குள் தெரியாமல் வலை விட்டால், அன்றைய முறைக்காரருடைய ஒரு நாள் சாப்பாட்டில் கை வைத்ததாக ஆகும்.

3. கைத்தூண்டில் எப்படிக் கட்டுறது? எத்தனாம் நம்பர் முள்ளு?

முதன்மை நரம்பு (தூண்டிலுக்கான நைலான் இழை) 0.50 மி.மீ. தடிமன், 50 மீட்டர் போதும். மரக்கட்டையிலோ பழைய தண்ணீர் பாட்டிலிலோ சுற்றிக்கொள்ளுங்கள். நுனியில் ஈயம் (கட்டும் விதம் 4-ம் கேள்வியில்). அதற்கு ஒரு முழம் மேலே முள் கட்டும் முதல் கிளை, அதற்கு ஒரு முழம் மேலே இரண்டாவது கிளை. கிளை நரம்பு ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், நீளமானால் முதன்மை நரம்பில் சுற்றிக்கொள்ளும். கிழங்கானுக்கு 10-ம் நம்பர் முள், சங்கராவுக்கு 7-ம் நம்பர். நம்பர் ஏற ஏற முள் சிறியது. கடையில் இதைத் தலைகீழாக நினைத்து வாங்கி வருபவர்கள் நிறைய.

முடிச்சை இறுக்கும் முன் எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்துவிடுங்கள். உலர்ந்த நரம்பு இறுகும்போது உரசிச் சூடாகி அந்த இடத்தில் பலம் இழக்கும். பெரிய மீன் மாட்டும் நாளில்தான் அது தெரியவரும். இரைக்கு உரித்த இறால், கணவாய்த் துண்டு, மத்திச் சதை மூன்றும் நல்லவை. இறால் சீக்கிரம் கழன்றுவிடும், கணவாய் நின்று உழைக்கும். ஆள்காட்டி விரலுக்குப் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு வளையம் வெட்டிப் போட்டுக்கொண்டால் நரம்பு விரலை அறுக்காது.

4. கல்லுல மாட்டி மாட்டி அறுந்துடுது. ஒரு நாளைக்கு நாலு செட் போகுது. என்ன செய்யலாம்?

ஈயத்தை முதன்மை நரம்பில் நேராகக் கட்டாதீர்கள். 0.30 மி.மீ. நரம்பில் ஒரு சாண் துண்டு எடுத்து, அதில் ஈயத்தைக் கட்டி முதன்மை நரம்பின் நுனியில் இணையுங்கள். கல்லிடுக்கில் பெரும்பாலும் சிக்குவது ஈயம்தான். இழுத்தால் அந்த மெல்லிய துண்டு மட்டும் அறும், முள்ளும் மீனும் உங்களிடம் திரும்பி வரும். இந்தப் பக்கம் கல்லில் கிடக்கும் நரம்பில் ஆமை, பறவை, அடுத்தவர் கால் எல்லாம் மாட்டுகிறது. அதனால் நரம்பு மிச்சமாவது உங்களுக்கு மட்டும் லாபமில்லை.

5. வலைக்கடையில ‘எத்தனை எம்எம் கண்ணி’ன்னு கேக்குறாங்க. என்ன சொல்றது?

வலையின் ஓட்டைதான் கண்ணி; அதை இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளக்கும் அளவுதான் அது. எந்த மீன் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கவலை, மத்திக்குச் சுமார் 30 மி.மீ., காணாங்கத்தைக்குச் சுமார் 50 மி.மீ., நண்டுக்கு 90 முதல் 100 மி.மீ., வஞ்சிரத்துக்கு 100 மி.மீ.க்கும் மேல் என்று கேட்கலாம்.

நீங்களே கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. சந்தையில் நீங்கள் விரும்பும் அளவில் ஒரு மீனை எடுத்து, உடல் மிகப் பருத்த இடத்தில் நூலைச் சுற்றி அளவெடுங்கள். அந்தச் சுற்றளவை இரண்டரையால் வகுத்தால் கண்ணி அளவு வரும். ஒரு காணாங்கத்தையின் சுற்றளவு 13 செ.மீ. என்றால் 13-ஐ 2.5-ஆல் வகுக்க 5.2 செ.மீ., அதாவது 52 மி.மீ. தலை நுழைய வேண்டும், உடல் நுழையக் கூடாது, பின்வாங்கினால் செவுளில் நூல் விழ வேண்டும். இந்த மூன்றும் நடக்கும் அளவு அது. ‘சின்னக் கண்ணி வாங்கினா எல்லாமே மாட்டும்’ என்பது தப்பு. பெரிய மீன் அதில் மூக்கை முட்டிவிட்டுத் திரும்பிப் போகும், மாட்டுவது குஞ்சு மட்டும்.

6. நூறு மீட்டர் வலை வாங்கினேன். கயிறு கட்டினா அம்பது மீட்டர்தான் வருது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

இல்லை. கடையில் வலையை நீளவாக்கில் இழுத்து நீட்டிய அளவில் விற்கிறார்கள். அந்த நிலையில் கண்ணிகள் மூடிக் கிடக்கும். கண்ணி திறந்து வைர வடிவத்தில் நிற்க, 100 மீட்டர் வலையைச் சுமார் 50 மீட்டர் கயிற்றில் சுருக்கிக் கட்ட வேண்டும். ஆழமும் அதற்கேற்ப மாறும். 52 மி.மீ. கண்ணியில் 50 கண்ணி ஆழம் என்றால் இழுத்தால் 2.6 மீட்டர், கட்டிய பிறகு தண்ணீரில் நிற்பது ஏறக்குறைய 2.25 மீட்டர்.

நண்டுக்கும் இறாலுக்கும் இன்னும் தளர்வாகக் கட்டுவார்கள். நண்டு செவுளில் மாட்டாது, சுற்றிச் சிக்குவது. தொய்வு இல்லாத வலையில் அது ஏறி இறங்கிப் போய்விடும். இறாலுக்கு டிஸ்கோ வலை என்று சொல்லும் மூன்றடுக்கு வலை இதே யுக்திதான். வெளி அடுக்கு இரண்டும் பெரிய கண்ணி, நடு அடுக்கு சிறிய கண்ணியில் தொளதொளவென்று இருக்கும். இறால் நடு அடுக்கைத் தள்ளிக்கொண்டு வெளிக் கண்ணிக்குள் போய்ப் பை போல மாட்டிக்கொள்ளும்.

அடியில் நிற்கும் வலை என்றால், கீழ்க்கயிற்று ஈயத்தின் எடை மேல்கயிற்று மிதவைகள் தூக்கும் எடையைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்கட்டும். குறைந்தால் நீரோட்டம் வலையைத் தூக்கி உருட்டிவிடும். காலையில் கயிறு முறுக்கிய வடம்தான் கைக்கு வரும்.

7. நண்டு வலையை எத்தனை நேரம் கடல்ல விடலாம்? ரெண்டு நாள் விட்டா நிறைய மாட்டுமா?

மாலை விட்டு விடியற்காலை எடுங்கள், பன்னிரண்டு மணி நேரத்துக்குள். ஆழம் 3 முதல் 10 பாகம் வரை, அடி மணலும் சேறும் கலந்த இடம். ஒரு பாகம் ஆறடி. இரண்டு நாள் விட்டால் மாட்டிய மீன் அழுகும், அதைத் தின்ன சங்கும் நத்தையும் ஏறும், நண்டு நண்டையே தின்னும். செத்த நண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தும் பயனில்லை. நண்டு செத்ததும் சதை மிக வேகமாகக் கெட ஆரம்பித்துவிடும். சமைக்கும் நேரம் வரை ஈரச் சாக்கில் நிழலில் உயிரோடு வைத்திருப்பதுதான் சரி.

8. வலையில இருந்து எடுக்கும்போது நண்டுக்குக் காலெல்லாம் உடைஞ்சு போகுது. எப்படிப் பிரிக்கிறது?

பெரும்பாலானவர்கள் கொடுக்கில் ஆரம்பிக்கிறார்கள், அதுதான் தப்பு. நண்டின் பின்பக்கம், துடுப்பு போல் தட்டையான கடைசிக் கால் இரண்டும் உடலில் சேரும் இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். அங்கே கொடுக்கு எட்டாது. முதலில் எந்தப் பக்கத்தில் இருந்து நுழைந்தது என்று பாருங்கள், நுழைந்த வழியாகத்தான் வெளியே வரும். துடுப்புக் கால், பிறகு நடுக் கால்கள், கடைசியில் கொடுக்கு. கொடுக்கு நூலைக் கவ்விக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இறுக்கும். அரை நிமிடம் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்தால் பல நேரம் தானே விடும். அடியில் மடிப்பு மூடிக்குள் மஞ்சளாகவோ கறுப்பாகவோ சினை தாங்கிய பெண் நண்டும், ஓடு உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சும் கடலுக்கே திரும்பட்டும்.

9. நண்டுக் கூடு நாமளே செய்யலாமா?

தாராளமாக. 6 மி.மீ. கம்பியில் இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒரு அடி உயரத்தில் சட்டம். சுற்றிலும் கெட்டி நைலான் வலை. இரண்டு முனையிலும் வாய், உள்நோக்கிச் சரிந்து குறுகும் புனல் வடிவம். புனலின் உள்முனை கூட்டின் தரையில் இருந்து நாலு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். தரையோடு இருந்தால் நண்டு வந்த வழியே நடந்து வெளியேறும். நாம் பார்த்த ஓட்டைக் கூடுகளில் பாதிக்கு இதுதான் கோளாறு.

இரையை, கெளுத்தித் தலையோ மத்தியோ, கம்பி வலைப் பையில் போட்டு நடுவில் கட்டுங்கள். நண்டு அதைக் கவ்வித் தின்று முடித்துவிடக் கூடாது, வாசம் மட்டும் போக வேண்டும். ஒரு பக்கச் சுவரில் சாணளவு இடத்தை நைலானுக்குப் பதில் சணல் கயிற்றால் தையுங்கள். கூடு தொலைந்துபோனால் சணல் மக்கி அந்தப் பக்கம் திறந்துகொள்ளும். இல்லாவிட்டால் மாட்டிய நண்டு செத்து, அதுவே அடுத்த நண்டுக்கு இரையாகி, யாருக்கும் பயனில்லாமல் அந்தக் கூடு மாதக்கணக்கில் கொன்றுகொண்டே இருக்கும்.

10. காலையில போனா போயாவே இல்ல, வலையும் இல்ல. திருடிட்டாங்களா?

திருட்டைவிடக் கயிற்றுக் கணக்குத்தான் அதிகம் காரணம். வலை கிடக்கும் இடத்தைக் காட்டும் மிதவைதான் போயா; அதன் கயிறு ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. 5 பாகம் என்றால் ஏறக்குறைய 9 மீட்டர், கயிறு 14 மீட்டராவது வேண்டும். சரியாக ஆழத்துக்கே கட்டினால் நீரோட்டம் இழுக்கும்போது போயா தண்ணீருக்குள் போய்விடும், வேகம் தணிந்தால் மேலே வரும். நீங்கள் தேடிய நேரத்தில் அது அடியில் இருந்திருக்கலாம். ரொம்ப நீளமாக விட்டாலும் மிதக்கும் கயிறு அடுத்த படகின் புரொப்பெல்லரில் சுற்றும். நீளத்தின் நடுவில் ஒரு சிறு ஈயம் கட்டினால் கயிறு அமிழ்ந்து நிற்கும்.

நீரோட்டத்தின் திசையையும் கணக்கில் வையுங்கள். பங்குனி, சித்திரையில் வடக்கு நோக்கி ஓடும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கி. நங்கூரம் இழுபட்ட வலையை அந்தத் திசையில்தான் தேட வேண்டும். இரண்டு முனையிலும் மூங்கில் கொடியும் இரவு விளக்கும் கட்டி, விட்ட இடத்தை ஜிபிஎஸ்-இல் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் பாதையில் விட்ட வலைக்கு எந்தக் கணக்கும் உதவாது.

11. தடைக்காலத்துல நாங்க போகலாமா?

கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான் தடை. கட்டுமரம், நாட்டுப்படகு போகலாம். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலையும் பாரம்பரிய மீனவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறது. இழுவைப் படகு கரையோரம் வந்து உங்கள் நண்டு வலையை வாரிப் போனால், நேரம், இடம், படகின் பதிவு எண் மூன்றையும் குறித்து ஊர்ப் பஞ்சாயத்து வழியாக மீன்வளத் துறையிடம் எழுத்தில் கொடுங்கள்.

12. அமாவாசைக்கு வலை நல்லா படும்னு சொல்றாங்க, உண்மையா?

பாதி உண்மை. இருட்டில் மீனுக்கு வலை தெரியாது, நிலவு வெளிச்சத்தில் தெரியும். மிதக்கும் வலைக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் இருட்டு இரவில் சில சமயம் அசைந்தாலே தண்ணீர் பச்சையாக மினுங்கும். அந்த இரவில் வலை முழுக்க ஒளிக்கோடு போல் தெரிந்து மீன் விலகிவிடும். கையால் தண்ணீரை அளைந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அமாவாசை, பௌர்ணமி இரண்டிலும் ஏற்ற வற்றம் பெரிது, ஆற்று வாயில் இழுப்பும் அதிகம். அடியில் நிற்கும் வலைக்கு அந்த இரண்டு மூன்று நாளில் ஈயம் கூட்ட வேண்டும் (6-ம் கேள்வி).

13. எந்த நாள்ல கடலுக்குப் போகவே கூடாது?

வானிலை மையம் ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று சொன்ன நாளில். காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. என்று அறிவித்தால் அது பைபர் படகுக்கான எச்சரிக்கை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் அமைதியாக இருக்கிறது என்பது அளவுகோல் இல்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வற்றத்தில் வெளியே ஓடும் ஆற்றுத் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் மணல் திட்டின் மேல் மோதி, அலை செங்குத்தாக எழும். ஏற்றத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் கடப்பது நல்லது. உயிர்காப்புச் சட்டை போட்டிருக்க வேண்டும், படகில் கிடந்தால் போதாது. ஆபத்தில் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

14. கெளுத்தி முள்ளு குத்திடுச்சு, திருக்கை அடிச்சுடுச்சு. என்ன செய்யணும்?

இருங்கெளுத்தியின் முதுகு முள்ளிலும் பக்க முள்ளிலும் விஷம் உண்டு, திருக்கை வால் முள்ளிலும் உண்டு. காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரி அளவில், அரை மணியில் இருந்து ஒன்றரை மணி நேரம் அமிழ்த்துங்கள். அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். வலி மரத்த கைக்குச் சூடு தெரியாது, அடுத்தவர் கை வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். வயிறு, மார்பு, கழுத்தில் குத்தினாலோ முள் உள்ளே தங்கினாலோ பிடுங்காமல் நேராக ஆஸ்பத்திரி. டெட்டனஸ் ஊசி எப்படியும் வேண்டும்.

15. வலையில ஆமை மாட்டிடுச்சு. செத்த மாதிரி கிடக்குது. கடல்ல தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு விட முடியாமல் மயங்கியிருக்கலாம். அப்படியே போட்டால் மூழ்கிச் சாகும். வலையை அறுத்து எடுத்து, வயிறு கீழே இருக்கும்படி படகில் வைத்து, பின்பக்கத்தைச் சாணளவு உயர்த்திக் கட்டை கொடுங்கள். நுரையீரலில் இருக்கும் தண்ணீர் வடியும். ஈரச் சாக்கால் மூடி நிழலில் வையுங்கள், மூக்கை மூடக் கூடாது. தெளிய நாலு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அசைய ஆரம்பித்ததும் மோட்டாரை நிறுத்தி மெதுவாகத் தண்ணீரில் விடுங்கள்.

பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) தை மாதம் முதல் நம் கரைக்கு முட்டையிட வரும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. அந்த மாதங்களில் வலையை அடிக்கடி போய்ப் பார்ப்பதுதான் பெரிய உதவி.

16. காணாங்கத்தை சாப்பிட்டு உடம்பெல்லாம் சிவந்து அரிச்சுது. ஆனா நல்லா வேக வெச்சுதான் சாப்பிட்டோம். எப்படி?

காணாங்கத்தை, சூரை, மத்தி ஆகியவற்றின் சதை வெயிலில் கிடந்தால் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். அது உருவான பிறகு கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் போகாது, நாற்றமும் வராமல் இருக்கலாம். தடுப்பு ஐஸ் மட்டுமே. நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், படகில் ஏற்றியே போக வேண்டும். தூளாக்கி, ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன் என்று போட்டு, உருகிய தண்ணீர் வடிய வழி விடுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

உடலை உப்பிக்கொள்ளும் பேத்தை மீன் மாட்டினால் எந்தப் பக்குவத்திலும் சாப்பிட வேண்டாம். அதன் விஷமும் சமைத்தால் போகாது.

17. எண்ணூர் ஆத்து நண்டு, இறால், மடவை சாப்பிடலாமா? தாத்தா காலத்துல இருந்து சாப்பிடுறோமே.

தாத்தா காலத்து ஆறு இப்போது இல்லை. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் சுடுநீரும் தொழிற்சாலைக் கழிவும் பல ஆண்டாகச் சேர்ந்திருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்தில் பரவி வலை, படகு, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் படிந்தது. இதையே நம்பிப் பிழைக்கும் குப்பங்களுக்கு ‘சாப்பிடாதே’ என்று சொல்வது எளிதான பதில் இல்லை. ஆனால் எல்லாமே ஒரே அளவு ஆபத்தும் இல்லை.

மட்டி, ஆளி போன்றவை தண்ணீரை வடிகட்டித் தின்பவை, கழிவு அவற்றில்தான் அதிகம் சேரும். ஆற்றில் எடுத்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நண்டில் சதையைச் சாப்பிடலாம், ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பைக் கழித்துவிடுங்கள், கன உலோகம் தங்கும் இடம் அது. இறாலில் தலையை நீக்குங்கள். மீனில் ஈரல், குடல் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஆற்று மீனைவிடக் கடல் மீன், அதிலும் நெத்திலி, கவலை போன்ற சிறிய மீன் நல்லது.

செவுளைத் திறந்து மோந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அன்று பிடித்தது முழுவதையும் விட்டுவிடுங்கள். புளி, மஞ்சள், எலுமிச்சை எதற்கும் அந்த வாடை போகாது. தண்ணீரில் வண்ணப் படலமோ கறுப்பு நுரையோ தெரிந்த நாளில் வலை விடவே வேண்டாம். எண்ணெய் ஏறிய நைலான் கண்ணியைச் சோப்புத் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசினாலும் வழுவழுப்பு தங்கும், அடுத்த முறை பிடிக்கும் மீனிலும் அந்த வாடை ஒட்டும்.